“செய்தி எதுவும் இல்லை” என்று வானொலி அறிவித்த நாளில் உண்மையில் என்னதான் நடந்தது?

திண்ணைவாசி கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி இரவு 8.45 மணிக்கு, லண்டன் பிபிசி வானொலியின் அறிவிப்பாளர் “செய்தி எதுவும் இல்லை” என்று ஒரே வாக்கியத்தில் செய்தியறிக்கையை முடித்துக்கொண்டார் என்றும், அதற்கென ஒதுக்கியிருந்த 15 நிமிடத்தில் மீதி நேரத்தைப் பியானோ இசையால் நிரப்பினார்கள் என்றும் பல இடங்களில் படித்திருக்கிறேன். பிபிசியே தன் வரலாற்றுக் குறிப்புகளில் இதைச் சற்றுப் பெருமிதத்துடன் சொல்லிக்கொள்கிறது.

அமைச்சர் காரில் ஏறினால் ஒரு சிவப்புப் பட்டை, இறங்கினால் இன்னொரு சிவப்புப் பட்டை, ஏறியவரும் இறங்கியவரும் ஒருவர்தானா என்று ஆராய நால்வர் கூடிய விவாதம் என்று பழகிப்போன நமக்கு, இப்படி ஒரு செய்தியறிக்கை இருந்திருக்கிறது என்பதே பெரிய செய்தியாகத்தான் படுகிறது. அதை வாசித்தவருக்கு அன்று முழுச் சம்பளம் கொடுத்தார்களா என்பதைக்கூட நான் யோசித்துப் பார்த்ததுண்டு.

என் ஐயம் இதுதான். இத்தனை பெரிய பூமியில், அதிலும் சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு நாட்டின் தலைநகரில், சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் ஒரு நாள் முழுவதும் எப்படிக் கழிந்திருக்கும்? அந்த ஒரு நாளைப் பற்றி விவரம் அறிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

அலைவரிசை எழுதுகிறார்:

சம்பவம் உண்மைதான். ஆனால் அதை அறிவிப்பாளரின் சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடே அப்படிப்பட்டது.

முதலில் நாளைக் கவனியுங்கள். அன்று பெரிய வெள்ளி. நாடாளுமன்றம் விடுமுறையில் இருந்தது, அரசு அலுவலகங்கள் மூடியிருந்தன. நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன் நான்கு நாட்களுக்கு முன்புதான், ஏப்ரல் 14 அன்று, வருமான வரியை உயர்த்தி வரவுசெலவுத் திட்டத்தை வாசித்திருந்தார். அதைக் கேட்ட மக்களில் பலர், அரசாங்கத்திடமிருந்து ஒரு வாரத்துக்குப் புதிய செய்தி எதுவும் வராமலிருந்தால் நல்லது என்றே நினைத்திருப்பார்கள். லண்டனில் மூன்று மாதங்களாக நடந்து வந்த கடற்படை மாநாட்டின் உடன்படிக்கை கையெழுத்தாக இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. மார்ச் மாதம் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட புதிய கிரகத்துக்குப் புளூட்டோ என்ற பெயரை அறிவிக்க மே 1 வரை காத்திருந்தார்கள். ஆகவே நடந்து முடிந்தவற்றுக்கும் நடக்கவிருந்தவற்றுக்கும் நடுவில் சரியாக ஒரு பள்ளத்தில் அந்த வெள்ளிக்கிழமை விழுந்துவிட்டது.

அடுத்து, பிபிசிக்குச் செய்தி எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1922இல் வானொலி தொடங்கியபோதே பத்திரிகை முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். வானொலியே செய்தி சொல்லிவிட்டால் மறுநாள் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குவது யார் என்பது அவர்களுடைய கவலை. அதனால், மாலை 7 மணிக்கு முன் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்றும், ராய்ட்டர்ஸ் உள்ளிட்ட நான்கு செய்தி நிறுவனங்கள் தரும் செய்திகளையே வாசிக்க வேண்டும் என்றும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1926ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது பத்திரிகைகள் பெரும்பாலும் முடங்கிப் போக, பிபிசி காலை முதல் இரவு வரை நாளுக்கு ஐந்து முறை செய்தி வாசித்துத் தன்னால் முடியும் என்று காட்டியது. அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் மெல்லத் தளர்ந்தாலும், தானே போய்ச் செய்தி சேகரித்து வரும் நிருபர் படை எதுவும் 1930இல் அதனிடம் இல்லை. செய்தி நிறுவனங்களின் தாள் வந்தால் வாசிப்பது, உருப்படியாக ஒன்றும் வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்பதே நிலை.

இனி அந்தக் காட்சியைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். சவாய் ஹில் கட்டடத்தில் இயங்கிய அந்த நிலையத்தில், மாலை நேர அறிவிப்பாளர்கள் விருந்துக்குச் செல்வோர் அணியும் கறுப்பு உடையில்தான் ஒலிவாங்கியின் முன் அமர வேண்டும் என்பது தலைமை இயக்குநர் ஜான் ரீத் காலத்து மரபு. அவர்கள் தம் பெயரைச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. ஆகவே, பெயர் இல்லாத ஒரு மனிதர், கஞ்சி போட்ட சட்டையும் கழுத்தில் பட்டையும் அணிந்து, யாராலும் பார்க்க முடியாத ஓர் அறையில் விறைப்பாக அமர்ந்து, சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை மிகத் திருத்தமான உச்சரிப்பில் நாட்டு மக்களுக்குச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறார். அதைக் கேட்பதற்காக மக்கள் ஆண்டுக்கு 10 ஷில்லிங் உரிமக் கட்டணம் செலுத்தியிருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பியானோ முடிந்ததும் நிலையம் குயின்ஸ் ஹால் அரங்கத்துக்குத் திரும்பி, அங்கே நடந்துகொண்டிருந்த வாக்னரின் பார்சிஃபால் இசை நாடகத்தைத் தொடர்ந்து ஒலிபரப்பியது. அந்த நாடகத்தின் இறுதி அங்கம் பெரிய வெள்ளியன்று நடப்பதாக அமைந்தது. ஆகவே நாளுக்குப் பொருத்தமான தேர்வுதான். ஆனால் முழுதாக நிகழ்த்தினால் நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஒரு படைப்பிலிருந்து நேயர்களை வெளியே அழைத்து வந்து, சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லி, மீண்டும் உள்ளே அனுப்பிய அந்த ஒழுங்கை என்னவென்று சொல்வது! அட்டவணையில் 8.45க்குச் செய்தி என்று போட்டிருந்தால் 8.45க்குச் செய்தி இருந்தே தீர வேண்டும்; செய்தியில் செய்தி இருக்க வேண்டும் என்பது அட்டவணையின் பொறுப்பல்ல.

கர்ணபுலிக்கரை எழுதுகிறார்:

அலைவரிசை ஐயா எழுதியவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திண்ணைவாசி கேட்டது அன்று என்ன நடந்தது என்பதை. அதற்கு விடை சிட்டகாங் நகரத்தில் இருக்கிறது. இன்று வங்கதேசத்தில் உள்ள அதே துறைமுக நகரம்தான்.

அதே ஏப்ரல் 18ஆம் தேதி இரவு, சுமார் 10 மணிக்கு, பள்ளி ஆசிரியராக இருந்தவரும் எல்லோராலும் ‘மாஸ்டர்தா’ என்று அழைக்கப்பட்டவருமான சூர்யா சென் தலைமையில் அறுபதுக்கும் மேற்பட்ட புரட்சியாளர்கள், பெரும்பாலும் மாணவப் பருவத்தினர், அந்நகரின் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினார்கள். கணேஷ் கோஷ் தலைமையில் ஒரு குழு காவல்துறையின் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றியது. லோகநாத் பால் தலைமையில் இன்னொரு குழு துணைப் படையின் கிடங்குக்குள் புகுந்தது. காவல்துறைக் கிடங்கின் முன் கொடியேற்றி, மரியாதை ஏற்று, தற்காலிகப் புரட்சி அரசு அமைந்துவிட்டதாகவே சூர்யா சென் அறிவித்தார். லண்டன் கடிகாரத்தில் அது இன்னும் மாலைப் பொழுதுதான். அந்தப் புகழ்பெற்ற செய்தியறிக்கைக்குச் சில மணி நேரம் இருந்தது. ஒரு சாம்ராஜ்யத்தின் துறைமுக நகரத்தில் ஒரு புதிய அரசு பிரகடனம் செய்யப்பட்டு, அந்தச் சாம்ராஜ்யத்தின் தலைநகரில் பியானோ வாசிக்கப்பட்ட நாள் அது.

இதில் பிபிசியைக் குறை சொல்வதற்கில்லை. ஏனென்றால் புரட்சியாளர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று தொலைபேசி, தந்தி நிலையத்தை அழித்ததுதான். அம்பிகா சக்ரவர்த்தியின் குழு அதைக் கவனித்துக்கொண்டது. ரயில் பாதையையும் வேறு சிலர் பெயர்த்திருந்தார்கள். சிட்டகாங்கிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி போகக் கூடாது என்று அவர்கள் திட்டமிட்டார்கள். லண்டனில் செய்தி இல்லை என்று அறிவித்தார்கள். தம் திட்டத்தின் அந்தப் பகுதி இவ்வளவு கச்சிதமாக நிறைவேறியதை, எதிரித் தலைநகரின் வானொலியே நற்சான்று கொடுத்து உலகுக்கு அறிவித்தது என்பதை அந்த இளைஞர்கள் அறிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய வினோதம் ஒன்று உண்டு. ஐரோப்பியர்கள் மாலையில் கூடும் கிளப்பைத் தாக்குவதும் அன்றைய திட்டத்தில் இருந்தது. அங்கே போன குழுவினர் கண்டது ஆளில்லாத கட்டடம். பெரிய வெள்ளி என்பதால் யாரும் வரவில்லை! 1916ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளினில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக நடந்த ஈஸ்டர் எழுச்சி சூர்யா சென் குழுவினருக்கு ஆதர்சமாக இருந்தது. ஈஸ்டரை ஒட்டிய இந்த நாளை அவர்கள் நாடியதற்கு அதுவே காரணம். அயர்லாந்தை நினைத்தவர்கள், விடுமுறை நாளில் கிளப்புக்கும் விடுமுறை இருக்கலாம் என்பதை மட்டும் நினைக்காமல் விட்டுவிட்டார்கள். லண்டனில் செய்தியை இல்லாமல் செய்த அதே பெரிய வெள்ளி, சிட்டகாங்கில் எதிரியையும் இல்லாமல் செய்துவிட்டது.

துணைப் படையின் கிடங்கிலும் இதே கதைதான். லூயிஸ் வகை இயந்திரத் துப்பாக்கிகள் உட்பட ஆயுதங்கள் கிடைத்தன. அவற்றுக்கான தோட்டாக்கள் எங்கே வைக்கப்பட்டிருந்தன என்பது மட்டும் கிடைக்கவில்லை. ஆங்கிலேய நிர்வாகம் துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் வைக்கும் அளவுக்கு எச்சரிக்கையாக இருந்தது.

இதற்குப் பின் நடந்தவற்றை நகைச்சுவையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏப்ரல் 22 அன்று ஜலாலாபாத் குன்றில் நடந்த மோதலில் 12 இளைஞர்கள் உயிரிழந்தார்கள். சூர்யா சென் 1934 ஜனவரி 12 அன்று தூக்கிலிடப்பட்டார்.

குறுக்குக்கேள்வி எழுதுகிறார்:

தந்திக் கம்பி அறுந்ததால் சிட்டகாங் செய்தி போய்ச் சேரவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ருமேனியாவில் காஸ்டெஷ்ட்டி என்ற ஊரில் அதே பெரிய வெள்ளி வழிபாட்டின்போது மரத்தாலான தேவாலயம் தீப்பற்றி 118 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்த துயரமும் உடனே லண்டனை எட்டியிருக்க வழியில்லைதான். ஆனால் அதை வைத்து அந்த வானொலிக்கு இவ்வளவு எளிதாக மன்னிப்பு வழங்கிவிட எனக்கு விருப்பமில்லை. எந்தக் கம்பியும் அறுபடாத இடங்களில் அன்று என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தோமா?

காந்தி ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பை அள்ளியிருந்தார். ஜவாஹர்லால் நேரு 14ஆம் தேதி கைது செய்யப்பட்டுச் சிறையில் இருந்தார். நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் உப்புக் காய்ச்சிச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில், ராஜாஜி 13ஆம் தேதி திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் இல்லத்திலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டு, 18ஆம் தேதி தஞ்சை மாவட்டத்துச் சாலைகளில் நடந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடை. இவை எல்லாம் ஏற்கெனவே தொடங்கிவிட்ட காரியங்கள், அன்றைய தினம் புதிதாக முளைத்தவை அல்ல என்று செய்திக்கூடத்தில் இருந்தோர் கருதியிருக்கலாம். நடக்கத் தொடங்கியது செய்தி, போய்ச் சேர்வது செய்தி. நடுவில் நடந்துகொண்டிருப்பது வெறும் நடை என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் அந்த வெறும் நடையில்தான் எவ்வளவு வேடிக்கை இருந்தது! தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தமிழில் துண்டறிக்கை அச்சிட்டு ஊர் ஊராக அறிவித்தார். அதுவரை ஊர்வலம் பற்றிக் கேள்விப்படாத குக்கிராமத்து மக்களுக்கும், என்றைக்கு யார் வருகிறார்கள், அவர்களுக்கு எது தேவைப்படும் என்பதெல்லாம் அரசாங்கத்தின் செலவிலேயே தெரிந்துபோயிற்று. நேரில் கொடுத்தால்தானே குற்றம் என்று, சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தைக் கைது செய்யத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு இல்லை. விருந்தோம்பியவர்களில் சிலர் உண்மையிலேயே சிறைக்குப் போனார்கள். இருந்தும் தஞ்சை மண்ணில் ஒரு விருந்தாளி பட்டினியோடு திரும்பினால் அது தலைமுறைக்கும் சொல்லிக் காட்டப்படும் அவமானம் என்பதை, அந்த மாவட்டத்தையே ஆண்ட அதிகாரி கணக்கில் கொள்ளவில்லை.

இதில் ஒரு வரியைக்கூட வாசிக்காமல் செய்தி இல்லை என்று சொல்வது, கடையின் கதவைச் சாத்தி வைத்துவிட்டு வாடிக்கையாளரே வரவில்லை என்று புலம்புவதைப் போன்றது. ஆகவே அந்த வாக்கியத்தை, “எங்கள் மேசைக்கு வந்ததில் நாங்கள் பொருட்படுத்தும்படி ஒன்றும் இல்லை” என்று நீட்டி வாசிக்கவே நான் பரிந்துரைப்பேன். இவ்வளவு நீளமாகச் சொல்லியிருந்தால் பியானோவுக்கான நேரமும் இரண்டு வினாடி குறைந்திருக்கும்.

திண்ணைவாசி எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. கிளப்பில் ஆளில்லாத விவரம் எனக்கு முற்றிலும் புதிது. இரண்டு துணைக் கேள்விகள். உலகிலேயே சுவாரசியமற்ற நாள் எது என்று கணினியை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே, அது இந்த நாள்தானா? மேலும், அன்று சென்னையில் வானொலி வைத்திருந்த ஒருவர் இந்தப் புகழ்பெற்ற அறிவிப்பைக் கேட்டிருக்க முடியுமா?

குறுக்குக்கேள்வி எழுதுகிறார்:

முதல் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். அது வேறு நாள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் டன்ஸ்டால் பீடோ என்ற கணினி நிபுணர், தாம் உருவாக்கிய தேடுபொறியில் திரட்டியிருந்த சுமார் 30 கோடித் தகவல்களை அலசி, 1954 ஏப்ரல் 11தான் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சலிப்பான நாள் என்று 2010இல் அறிவித்தார். பெல்ஜியத்தில் ஒரு பொதுத் தேர்தல், துருக்கியில் பின்னாளில் பேராசிரியரான ஒருவரின் பிறப்பு, இங்கிலாந்தில் ஒரு முன்னாள் கால்பந்து வீரரின் மறைவு, இவ்வளவுதான் அதன் கணக்கில் அகப்பட்டன. அந்தத் தேர்தலின் முடிவில் பெல்ஜியத்தில் ஆட்சியே மாறியது. ஆட்சியை இழந்த கட்சியினரிடம் போய் அது சலிப்பான நாள் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அன்று சென்னை மாகாணத்தில் என்ன நிலைமை என்று கேட்டால், குலக்கல்விச் சர்ச்சையில் ராஜாஜி பதவி விலகும் முடிவுக்கு வந்துவிட்டிருக்க, அடுத்த இரண்டே நாட்களில், ஏப்ரல் 13 அன்று, காமராஜர் முதலமைச்சராகப் பொறுப்பேற்கக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. அன்று சென்னையின் காங்கிரஸ் அலுவலகத்தில் யாராவது கொட்டாவி விட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அலைவரிசை எழுதுகிறார்:

இரண்டாம் கேள்விக்கு என் விடை: அநேகமாகக் கேட்டிருக்க முடியாது; கேட்கவில்லை என்று வருந்தவும் தேவையில்லை.

1930 ஏப்ரல் மாதம் இந்திய வானொலியே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மாதம். 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்திய ஒலிபரப்பு நிறுவனம் நட்டத்தில் மூழ்கி, மார்ச் 1ஆம் தேதி கலைப்பு நடவடிக்கைக்குள் போய்விட்டது. ஏப்ரல் 1 அன்று அரசாங்கம் அவற்றை ஏற்று நடத்தத் தொடங்கியது. முட்டாள்கள் தினத்தன்று ஓர் அரசாங்கம் நட்டத்தில் இருந்த நிறுவனத்தை விரும்பி வாங்கியது என்பதை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னையிலோ, கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924இல் தொடங்கிய வானொலிக் கழகம் பணமில்லாமல் 1927இல் நின்றுபோக, அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி, அதே 1930 ஏப்ரல் 1ஆம் தேதி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. நாள்தோறும் மாலையில் சங்கீதம், பள்ளி நாட்களில் மாணவர்களுக்குச் சிறிது நேரம் கதையும் பாடமும் என்று அதன் நிகழ்ச்சிகள் அமைந்தன. செய்தி என்ற அங்கத்துக்கு அதில் இடமில்லை. லண்டன் வானொலி ஒரே ஒரு நாள் செய்து நூறாண்டு பேசப்படும் காரியத்தை, சென்னை மாநகராட்சி ஒவ்வொரு நாளும் எந்த ஆரவாரமும் இல்லாமல் செய்து வந்தது. பியானோவுக்குப் பதிலாக இங்கே வீணையும் வாய்ப்பாட்டும். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

லண்டனிலிருந்து நேராக இந்தியாவுக்கும் பிற குடியேற்ற நாடுகளுக்குமாகப் பிபிசி சிற்றலை ஒலிபரப்பைத் தொடங்கியது 1932 டிசம்பர் 19 அன்றுதான். அந்தத் தொடக்க ஒலிபரப்பில் பேசிய ஜான் ரீத், ஆரம்ப நாட்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றும், நிகழ்ச்சிகள் மிகச் சுவாரசியமாகவும் இரா, மிக நன்றாகவும் இரா என்றும் நேயர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்.